லிங்கின் பார்க் ‘ஃப்ரம் ஜீரோ’: முதல் கேட்பு, முதல் கருத்துகள்

மொட்டைமாடி_கிட்டார்
15 நவம்பர் 2024, நள்ளிரவு 12.52

பன்னிரண்டு அடித்ததும் அமெரிக்க ராக் குழு லிங்கின் பார்க்கின் புது ஆல்பம் வந்துவிட்டது. மொத்தமே 32 நிமிடம். விளக்கை அணைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எந்தப் பாட்டையும் தள்ளாமல் ஒரே மூச்சில் கேட்டேன். இனித் தூக்கம் வரப்போவதில்லை. அதனால் இந்த இழை.

2017 மே மாதம் ‘ஒன் மோர் லைட்’ வந்த இரவிலும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். அடுத்த இரண்டே மாதத்தில் குழுவின் பாடகர் செஸ்டர் பென்னிங்டன் இறந்துபோய்விட்டார். அதற்கப்புறம் நமக்குக் கிடைத்தவை பெட்டியில் கிடந்த பழைய பதிவுகள்தான். போன வருஷம் ‘லாஸ்ட்’, இந்த வருஷம் ‘ஃப்ரெண்ட்லி ஃபயர்’. ஓடிப்போய்க் கேட்டோம். ஆனாலும் அவை இறந்தவர் வீட்டு அலமாரியில் அகப்பட்ட கடிதங்கள் மாதிரி இருந்தன. புது ஆல்பம் என்பது வேறு. இந்தக் குழுவிடமிருந்து அப்படி ஒன்று இனி வரும் என்ற நினைப்பையே நான் விட்டிருந்தேன்.

புதுப் பாடகி எமிலி ஆர்ம்ஸ்ட்ராங் செஸ்டரைப் போலப் பாட முயலவில்லை. முதலில் மனசுக்கு நிம்மதி தந்தது அதுதான். அவர் குரலின் அடியில் ஒரு கரகரப்பு எப்போதும் இருக்கிறது, ‘டெட் ஸாரா’ குழுவில் அவரைக் கேட்டவர்களுக்குத் தெரிந்திருக்கும். செஸ்டர் கத்தும்போது அந்தக் கத்தலுக்குள்ளேயே ஒரு சுத்தமான ஸ்வரம் ஓடும். எமிலி கத்தும்போது கிழிகிற சத்தம் முன்னால் வருகிறது, ஸ்வரம் ஓரடி பின்னால் நிற்கிறது. ‘கட் த பிரிட்ஜ்’ பாட்டில் அவர் கோரஸுக்குள் நுழைகிற இடத்தில் என் கை தானாகப் போய் சத்தத்தைக் கூட்டியது.

கடைசிப் பாட்டு ‘குட் திங்ஸ் கோ’ பற்றி இப்போது எழுத முடியாது. நாளைக்கு எழுதுகிறேன்.

கேட்டவர்கள் வாருங்கள். கேட்காதவர்கள் கேட்டுவிட்டு வாருங்கள்.


டிரம்ஸ்_சத்தம்
15 நவம்பர் 2024, நள்ளிரவு 1.24

நானும் முழித்துக்கொண்டுதான் இருக்கிறேன். மூன்றாவது சுற்று ஓடுகிறது.

எல்லோரும் குரலைப் பற்றியே பேசுவார்கள், நியாயம்தான். எனக்கு இன்னொரு கவலையும் இருந்தது. ராப் போர்டன் விலகிவிட்டார், டிரம்ஸில் இப்போது காலின் பிரிட்டன். கல்லூரியில் நாங்கள் கல்ச்சுரல்ஸுக்கு வாசித்ததெல்லாம் ராப் போர்டன் வாசிப்புதான். ‘ஃபெயின்ட்’, ‘இன் தி எண்ட்’, ‘ப்ளீட் இட் அவுட்’. கேட்க எளிதாக இருக்கும், வாசிக்க உட்கார்ந்தால் விடாது. ஒவ்வொரு அடியும் கம்ப்யூட்டர் பீட்டோடு ஒட்டிப்போக வேண்டும். அவர் வாசிப்பில் தன்னைக் காட்டிக்கொள்ளவே மாட்டார், அதுதான் அவர் பெருமை.

காலின் அப்படி இல்லை. கொஞ்சம் தளர்த்தி வாசிக்கிறார். ‘கட் த பிரிட்ஜ்’ துள்ளிக்கொண்டு போவதைக் கேட்டதும் எனக்கு ‘ப்ளீட் இட் அவுட்’ ஞாபகம் வந்தது, ஆனால் இது இன்னும் காட்டுத்தனமாகப் போகிறது. ‘கேஷுவல்ட்டி’யில் சிம்பல் அடி எல்லாம் பக்கத்து அறையில் யாரோ ஆத்திரத்தில் பாத்திரத்தை எறிவது போல இருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை, அந்தப் பாட்டுக்கு அதுதான் வேண்டும். ‘ஸ்டெயின்ட்’ மாதிரி பாட்டில் மட்டும் ராப் இருந்திருந்தால் என்று மனசு கேட்கிறது. அங்கே டிரம்ஸ் மிக்ஸில் அழுந்திப்போய், மூச்சுவிட இடமில்லாமல் கிடக்கிறது.

குழுவின் டிஜே ஜோ ஹானுக்குத் தனியாக ஒரு வணக்கம். ‘டூ ஃபேஸ்டு’ நடுவில் அந்த டர்ன்டேபிள் ஸ்க்ராட்ச் வந்ததும் கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எத்தனை வருஷம் ஆயிற்று அந்தச் சத்தத்தை அவ்வளவு முன்னால் கொண்டுவந்து!


கனத்த_இரும்பு
15 நவம்பர் 2024, காலை 7.05

இப்போதுதான் கேட்டு முடித்தேன். நல்ல ஆல்பம். ஆனால் ஒரு கணக்கை வெளிப்படையாகப் பேசுவோம்.

பட்டியலில் 11 இருக்கிறது. முதலாவது 22 விநாடி முன்னுரை, பாட்டு இல்லை. ‘தி எம்ப்டினஸ் மெஷின்’ செப்டம்பரிலேயே வந்துவிட்டது. அதே மாதம் ‘ஹெவி இஸ் த கிரௌன்’. அக்டோபரில் ‘ஓவர் ஈச் அதர்’. முந்தாநாள் ‘டூ ஃபேஸ்டு’. ஆக இன்று காலை நமக்குப் புதிதாகக் கிடைத்தது 6 பாட்டு. ஏழு வருஷம் காத்திருந்தவனுக்கு 6 பாட்டு. ‘ஹைப்ரிட் தியரி’யும் 37 நிமிடம்தான் என்று சொல்வீர்கள். ஒப்புக்கொள்கிறேன். அது 2000 அக்டோபரில் வந்தபோது அந்த 37 நிமிடமும் புதுசாக இருந்தது.

எனக்கு இவர்களுடைய ஆல்பங்களில் ‘தி ஹண்டிங் பார்ட்டி’தான் மிகவும் பிடிக்கும், இங்கே பழையவர்களுக்குத் தெரியும். பிராட் டெல்சன் மனசுவிட்டு கிட்டார் வாசித்த ஆல்பம் அது. இதில் ரிஃப் இருக்கிறது, கனம் இருக்கிறது, கிட்டார் தனியாகப் பேசுகிற இடம் தேடினாலும் இல்லை. மேடையிலும் இப்போது அவருக்குப் பதில் அலெக்ஸ் ஃபெடர் வாசிக்கிறார், ஸ்டூடியோவில் மட்டும்தான் பிராட். அது அவர் விருப்பம், மதிக்கிறேன். ஆனாலும் அந்த இடம் காதில் காலியாகத் தெரிகிறது.

‘கேஷுவல்ட்டி’ மட்டும் ஐந்து தடவை கேட்டேன். மைக் ஷினோடா அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. ராப் பாட்டுப் பாடுகிறவர், மெல்லப் பாடுகிறவர் என்று இருபது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்த ஆள், கழுத்து நரம்பு புடைக்கிறது காதில் கேட்கிற மாதிரிக் கத்துகிறார்.


ஜூலை20
15 நவம்பர் 2024, காலை 9.40

நான் இன்னும் கேட்கவில்லை. கேட்பேனா என்றும் தெரியவில்லை. கேட்காமல் இந்த இழைக்குள் வருவது சரியில்லை என்று யாருக்காவது தோன்றினால் மன்னிக்கவும்.

செப்டம்பரில் எமிலியை அறிவித்த அன்று, நேரலையில் ஒரு பாட்டுக்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அந்த இடத்தில் இன்னொருவர் நிற்பதைப் பார்க்க என் கண்ணுக்குத் தெம்பு இல்லை, அவ்வளவுதான்.

2017 எனக்கு நல்ல வருஷம் இல்லை. வேலை போயிருந்தது, வீட்டில் பேச்சு இல்லை. ராத்திரி எல்லாம் ‘நம்ப்’, ‘பிரேக்கிங் த ஹேபிட்’, ‘சம்வேர் ஐ பிலாங்’ என்று மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு கிடப்பேன். நான் யாரிடமும் சொல்லாததை அந்த மனிதர் எனக்காகக் கத்திச் சொல்கிறார் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அவரே தன் உயிரை மாய்த்துக்கொண்டார் என்ற செய்தி வந்ததும் நான் பிடித்திருந்த கயிற்றின் மறுமுனையில் யாரும் இல்லை என்று ஆகிவிட்டது. அதிலிருந்து நான் வெளியே வந்ததே பெரிய கதை.

ஆல்பத்தின் பெயரைப் பார்த்ததும் மனசு ஒடிந்துவிட்டது. சுழியிலிருந்து! அப்படியென்றால் அந்தப் பதினேழு வருஷம் என்ன? ஏழு ஆல்பம் என்ன?


பழைய_கேசட்
15 நவம்பர் 2024, முற்பகல் 11.15

ஜூலை20, நீங்கள் வந்து எழுதியதே சரி. கேட்டால்தான் இங்கே பேசலாம் என்று யாரும் சொல்ல மாட்டோம்.

பெயரைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். லிங்கின் பார்க் என்ற பெயருக்கு முன் ஹைப்ரிட் தியரி என்று வைத்திருந்தார்கள். அதற்கும் முன், 1996இல் கலிஃபோர்னியாவில் பள்ளித் தோழர்களாகத் தொடங்கிய காலத்தில், அவர்கள் பெயர் ‘ஸீரோ’. எக்ஸ் எழுத்தில் தொடங்கும் ஸீரோ. அப்போது பாடியவர் மார்க் வேக்ஃபீல்ட். அவர் விலகிய பிறகுதான் அரிசோனாவில் இருந்த செஸ்டருக்கு டெமோ டேப் போனது. 1999 மார்ச்சில், தன் 23வது பிறந்த நாளன்று, வீட்டு விருந்தை விட்டுவிட்டுப் போய் அந்தப் பாட்டுகளுக்குக் குரல் பதிவு செய்து அனுப்பினார். செஸ்டர் வந்து சேர்ந்ததும் ஏற்கெனவே ஒருவர் பாடிவிட்டுப் போன இடத்துக்குத்தான்.

22 விநாடி முன்னுரையைக் கேட்டுப்பாருங்கள், அதற்குமேல் வேண்டாம். கூட்டுக்குரல் ஒன்று எழுகிறது. அது அடங்கியதும் எமிலி சாதாரணப் பேச்சுக் குரலில், சுழியிலிருந்து என்றால் ஒன்றுமே இல்லாததிலிருந்தா என்று கேட்கிறார். அடுத்த நொடி அவருக்கு அந்தப் பழைய பெயர் ஞாபகம் வருகிறது, சொல்லி முடிப்பதற்குள் வெட்டிவிடுகிறார்கள். நீங்கள் கேட்ட அதே கேள்வியைத்தான் ஆல்பத்தின் வாசலிலேயே வைத்திருக்கிறார்கள்.

ஆகஸ்டில் அவர்கள் தளத்தில் ஓடிய கடிகாரமும் ஞாபகம் இருக்கிறதா? நூறு மணி நேரத்திலிருந்து இறங்கி வந்தது. சுழியைத் தொட்டதும் ஏதோ அறிவிப்பு வரும் என்று நாமெல்லாம் காத்திருந்தோம். எதுவும் வரவில்லை. கடிகாரம் மட்டும் நிற்காமல் மேல்நோக்கி எண்ணத் தொடங்கியது. அன்றைக்குப் புரியவில்லை. இன்றைக்குப் புரிகிறது.

நான் ‘மெட்டியோரா’வைக் கேசட்டில் வாங்கினவள். திருச்சியில் எங்கள் வீட்டில் ஒரே ஒரு டேப் ரெக்கார்டர், அம்மா சமையலறையில் பக்திப் பாட்டுக்கு வைத்திருந்தது. தம்பியும் நானும் அதைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவோம். இருபத்தோரு வருஷம் கழித்து இன்று காலை அவனும் நானும் இரண்டு ஊரில் இருந்துகொண்டு, போனில் ஒரே நேரத்தில் ‘ப்ளே’ அழுத்திக் கேட்டோம். ‘டூ ஃபேஸ்டு’ முடிந்ததும் இரண்டு பேருமே கொஞ்ச நேரம் பேசவில்லை.


ஜூலை20
15 நவம்பர் 2024, முற்பகல் 11.48

அக்கா, ஸீரோ கதை எனக்கும் தெரியும். அதனால்தான் இன்னும் வலிக்கிறது. அவர் வருவதற்கு முன்னால் இருந்த பெயருக்குப் போகிறார்கள் இல்லையா. அவர் இல்லாத காலத்திலிருந்து தொடங்குகிறோம் என்றுதான் என் காதில் விழுகிறது.


வெள்ளவத்தை
15 நவம்பர் 2024, நண்பகல் 12.30

கொழும்பிலிருந்து எழுதுகிறேன். இந்த விஷயத்தை நான் வேறு மாதிரி எடுக்கிறேன்.

செஸ்டர் உள்ளே வந்த அன்றைக்கும் குழுவின் பெயர் ஸீரோதான். பெயர் மாறியது அவர் வந்த பிறகு. அந்தப் பெயருக்குள் அவர் வாசலில் நின்ற நாளும் இருக்கிறது. எனக்கு அது போதும்.

ஒருவர் போன பிறகு குழு என்ன செய்ய வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஏசி/டிசி 1980 பெப்ரவரியில் பான் ஸ்காட்டை இழந்தார்கள், அதே ஜூலையில் பிரையன் ஜான்சனோடு ‘பேக் இன் பிளாக்’ வந்துவிட்டது. ஐந்து மாதம். ஆலிஸ் இன் செயின்ஸ் 2002இல் லேன் ஸ்டேலியை இழந்து, 2009இல்தான் வில்லியம் டுவாலோடு அடுத்த ஆல்பம் போட்டார்கள். ஏழு வருடம். இவர்களுக்கும் ஏழு வருடம். அந்த ஏழு வருடத்தில் மைக் என்ன செய்தார் என்று பாருங்கள். 2017 அக்டோபரில் ‘ஹாலிவுட் போல்’ அரங்கில் செஸ்டருக்காக ஒரு பெரிய அஞ்சலி நிகழ்ச்சி. அடுத்த வருடம் ‘போஸ்ட் டிரமாட்டிக்’ என்று தன் பெயரில் முழு ஆல்பம், முழுக்க அந்தத் துக்கம்தான். துக்கத்தை மறைத்துவிட்டு இங்கே வரவில்லை. ஏற்கெனவே தனியாக உட்கார்ந்து அழுதுவிட்டு வந்திருக்கிறார். இந்த ஆல்பத்தில் செஸ்டரைப் பற்றி வெளிப்படையாக ஒரு பாட்டு இல்லையே என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்.

‘தி எம்ப்டினஸ் மெஷின்’ எப்படித் தொடங்குகிறது என்றும் கவனியுங்கள். முதல் சரணம் மைக், முதல் கோரஸும் மைக். எமிலி இரண்டாம் சரணத்தில்தான் வருகிறார். செப்டம்பர் நேரலையிலும் அதே ஒழுங்கு. தெரிந்த குரல் முதலில் நம் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய், அப்புறம் புது ஆளைக் காட்டுகிறது. வீட்டுக்கு ஒருவரைக் கூட்டிவந்து அறிமுகப்படுத்துகிற பண்பு அதில் இருக்கிறது. முன்னே தள்ளிவிடவில்லை.

எனக்குப் பிடித்தது ‘ஓவர்ஃப்ளோ’. ‘எ தௌசண்ட் சன்ஸ்’ ஆல்பத்தை இங்கே எத்தனை பேர் நேசிக்கிறீர்களோ தெரியாது, எனக்கு அது உயிர். அந்த இருட்டும் அந்தப் பெருவெளியும் இந்தப் பாட்டில் மட்டும் திரும்பி வந்திருக்கிறது. இரவில் கடற்கரை ரயில் பாதை ஓரம் நடந்துகொண்டே கேட்க வேண்டிய பாட்டு. இன்றிரவு அப்படித்தான் கேட்கப்போகிறேன்.


நெறியாளர்
15 நவம்பர் 2024, பிற்பகல் 1.10

ஒரு வேண்டுகோள். எமிலியையும் செஸ்டரையும் தராசில் வைக்கும் பதிவுகள் இரண்டை நீக்கியிருக்கிறேன். கேட்டது பிடிக்கவில்லை என்றால் தாராளமாக எழுதுங்கள், எந்தப் பாட்டில் எந்த இடம் என்று சொல்லி எழுதுங்கள். ஜூலை20, தனிமடல் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.


ரிஃப்ட்_வாசி
15 நவம்பர் 2024, மாலை 4.35

வணக்கம். இங்கே இது என் முதல் பதிவு. எனக்கு 18 வயது. நீங்கள் பேசுகிற பாதிப் பாட்டுகளை நான் கேட்டதில்லை.

‘ஹெவி இஸ் த கிரௌன்’ இந்த வருஷ ‘லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ்’ உலகப் போட்டிக்கான பாட்டு. நான் அந்த கேம் ஆடுகிறவன். அந்த வழியாகத்தான் வந்தேன். நடுவில் எமிலி ஒரே மூச்சில் நிறுத்தாமல் கத்துகிறார் இல்லையா, முதல்தடவை கேட்டபோது அது ஏதோ கம்ப்யூட்டரில் இழுத்து நீட்டியது என்று நினைத்தேன். அப்புறம் மேடையில் பாடிய வீடியோவைப் பார்த்தேன். உண்மையாகவே அவ்வளவு நேரம் பிடிக்கிறார். 15 விநாடிக்குக் குறையாது.

இன்று ஆல்பம் முழுவதும் கேட்டேன். எனக்குப் பிடித்தது ‘ஸ்டெயின்ட்’. மேலே அண்ணா அதில் டிரம்ஸ் சரியில்லை என்று எழுதியிருக்கிறார், எனக்கு அதெல்லாம் தெரியவில்லை. கோரஸ் மனசில் ஒட்டிக்கொண்டது. ‘ஓவர் ஈச் அதர்’ பாட்டும் பிடித்தது, அதில் எமிலி மட்டும்தானே பாடுகிறார்?

என் கேள்வி இது. செஸ்டர் பாடியதைக் கேட்க எங்கே தொடங்க வேண்டும்? ‘நம்ப்’, ‘இன் தி எண்ட்’ இரண்டும் தெரியும், எல்லாருக்கும் தெரிந்தது. அதற்கு மேல் தெரியாது. எமிலியை முதலில் கேட்டுவிட்டு அவரிடம் போவது தவறா?


கனத்த_இரும்பு
15 நவம்பர் 2024, மாலை 4.58

ஒரு தவறும் இல்லை தம்பி. அந்த நீண்ட கத்தல் உனக்குப் பிடித்ததென்றால் ‘மினிட்ஸ் டு மிட்நைட்’ ஆல்பத்தில் ‘கிவன் அப்’ கேள். செஸ்டர் 17 விநாடி. இந்தக் குழுவைத் தெரிந்தவர்கள் ‘ஹெவி இஸ் த கிரௌன்’ கேட்டதும் முதலில் நினைத்தது அதைத்தான். எமிலி இப்போது மேடையில் ‘கிவன் அப்’பையும் பாடுகிறார், அந்தக் கத்தலோடு.

‘ஸ்டெயின்ட்’ விஷயத்தில் மட்டும் ஒத்துப்போக மாட்டேன். ஆல்பத்திலேயே சுலபமான பாட்டு அதுதான். அதற்கு அடுத்து வரும் ‘ஐ.ஜி.ஒய்.இ.ஐ.ஹெச்.’ பாட்டை மூன்று தடவை தொடர்ந்து கேட்டுவிட்டு வந்து சொல்.


டிரம்ஸ்_சத்தம்
15 நவம்பர் 2024, மாலை 5.20

தம்பி, ‘ஸ்டெயின்ட்’ உனக்குப் பிடித்திருந்தால் அது நல்ல பாட்டுதான். நான் சொன்னது வாசிக்கிறவன் குறை. மெட்டு நன்றாகத்தான் இருக்கிறது, எனக்கும் மத்தியானத்திலிருந்து வாயில் அதுதான் வருகிறது.

இன்று ஆபீசில் ஸ்பீக்கரில் மெதுவாகவும், வரும் வழியில் வண்டியில் சத்தமாகவும் கேட்டுப்பார்த்தேன். ஹெட்போனில் நெருக்கமாக இருந்த மிக்ஸ் வண்டி ஸ்பீக்கரில் விரிகிறது. ஃபீனிக்ஸ் வாசிக்கும் பாஸ் அங்கேதான் எனக்கு முதல்முறை தெளிவாகக் கேட்டது. ஹெட்போன் மட்டும் வைத்து முடிவு செய்தவர்கள் ஒருமுறை இப்படியும் கேளுங்கள். காலையில் நான் ‘அழுந்திப்போய்க் கிடக்கிறது’ என்று எழுதியதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன்.


மொட்டைமாடி_கிட்டார்
15 நவம்பர் 2024, இரவு 9.10

நாள் முழுக்க வேலைக்கு நடுவே உங்கள் எல்லோருடைய பதிவுகளையும் படித்துக்கொண்டே இருந்தேன். இன்று சாவ் பாவ்லோவில் கச்சேரி. ஆல்பம் வந்த அன்றே ஒரு மைதானம் நிறைய ஜனம் இந்தப் பாட்டுகளை அவர்களோடு சேர்ந்து பாடப்போகிறது.

‘குட் திங்ஸ் கோ’ பற்றி எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

நேற்று இரவு அது வந்தபோது நான் தயாராக இல்லை. ‘ஐ.ஜி.ஒய்.இ.ஐ.ஹெச்.’ அவ்வளவு கோபமாக முடிந்த கையோடு இது தொடங்குகிறது. எமிலி இறங்கிப் பாடுகிறார். நல்லது இருக்க வேண்டிய இடத்தில் சில நேரம் கெட்டது வந்து உட்கார்ந்துவிடுகிறது என்ற கருத்து கோரஸில் திரும்பத் திரும்ப வருகிறது. பெரிய கவிதை இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, தன்மேல் வைத்த பொறுமைக்காக ஒருவர் மன்னிப்பும் நன்றியும் ஒன்றாகச் சொல்கிற மாதிரி இருக்கிறது.

எனக்கு என் அண்ணன் நினைவுதான் வந்தது. லிங்கின் பார்க்கை எனக்குக் காட்டியவன் அவன். ‘ஹைப்ரிட் தியரி’ எம்பி3யை யாரோ ஒருவரிடமிருந்து சிடியில் எழுதி வாங்கிவந்து, ஸ்கெட்ச் பேனாவால் பெயர் எழுதி, என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் போட்டான். நான் கல்லூரியில் மிக மோசமாக இருந்த ஒரு வருஷம், வீட்டில் எல்லோரும் என்னைக் கைவிட்ட பிறகும், வாரம் ஒருமுறை பஸ் ஏறி வந்து ஹாஸ்டல் வாசலில் நிற்பான். அறிவுரை எதுவும் சொல்ல மாட்டான். பரோட்டா வாங்கிக் கொடுப்பான், பாட்டுப் பேசுவோம், போய்விடுவான். அவனுக்கு நான் இதுவரை நன்றி சொன்னதில்லை. நேற்று ராத்திரி ஒன்றரை மணிக்கு இந்தப் பாட்டின் இணைப்பை அவனுக்கு அனுப்பினேன். வேறு எதுவும் எழுதவில்லை.

காலை ஆறு மணிக்கு அவனிடமிருந்து பதில். “கேட்டேன்டா. சாப்பிட்டியா?”

ஆல்பம் பற்றி என் கருத்து கேட்டால், ‘மெட்டியோரா’ உயரம் இது தொடவில்லை. ‘கேஷுவல்ட்டி’ எனக்கு ஒட்டவில்லை, அந்தக் கோபத்துக்கு என்ன காரணம் என்று பாட்டுக்குள் தெரியவில்லை. ‘ஓவர் ஈச் அதர்’ சிங்கிளாகத் தனியே வந்தபோது பிடிக்கவில்லை, ‘ஹெவி இஸ் த கிரௌன்’ முடிந்த கையோடு கேட்கும்போது அதன் அமைதி புரிகிறது. கனத்த_இரும்பு சொன்ன அந்த 6 பாட்டுக் கணக்கு உண்மைதான். ஆனால் வரிசைப்படி முழுசாகக் கேட்டால் பழைய நான்கும் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன.


ஜூலை20
15 நவம்பர் 2024, இரவு 10.32

நெறியாளருக்கு நன்றி, தனிமடலில் பதில் போட்டிருக்கிறேன்.

22 விநாடி முன்னுரையைக் கேட்டேன். அக்கா சொன்ன மாதிரியே இருந்தது. மொட்டைமாடி_கிட்டார் எழுதியதைப் படித்துவிட்டுக் கடைசிப் பாட்டையும் கேட்டேன். நடுவில் இருப்பவற்றை இன்னும் தொடவில்லை. மைக் குரலில் வயது தெரிகிறது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. செஸ்டர் 41 வயதிலேயே நின்றுவிட்டார், இவருக்கு வயது ஏறிக்கொண்டே போயிருக்கிறது. அவ்வளவுதான் இப்போதைக்குச் சொல்ல முடிகிறது. பெயர் விஷயத்தில் எனக்கு இன்னும் சமாதானம் இல்லை.

ரிஃப்ட்_வாசி, உன் கேள்விக்கு நான் பதில் சொல்லலாமா?

தொகுப்புகளில் தொடங்காதே. ‘ஹைப்ரிட் தியரி’யை எடு. 12 பாட்டு. ‘பேப்பர்கட்’டில் தொடங்கி ‘புஷிங் மீ அவே’ வரை வரிசை மாற்றாமல் கேள். போனில் வேறு எதையும் திறந்து வைக்காதே. ‘இன் தி எண்ட்’ உனக்குத் தெரிந்த பாட்டு, எட்டாவதாக வரும், அதைத் தாண்டிப் போய்விடாதே. அந்த இடத்தில் கேட்கும்போது வேறு பாட்டாக இருக்கும். அது முடிந்ததும் ‘எ பிளேஸ் ஃபார் மை ஹெட்’. அதில் நடுப்பகுதி வரும்போது சத்தத்தைக் குறைக்காதே, கூட்டவும் கூட்டாதே. இருக்கிறபடி விடு.

எமிலியை முதலில் கேட்டுவிட்டு அவரிடம் போவது தவறு இல்லை. எந்த வழியாக வந்தாலும் வா. கேட்டுவிட்டு எத்தனை மணியானாலும் இங்கே எழுது, நான் முழித்திருப்பேன்.


ரிஃப்ட்_வாசி
15 நவம்பர் 2024, இரவு 11.41

அண்ணா, கேட்டு முடித்துவிட்டேன்.

நீங்கள் சொன்ன அந்த நடுப்பகுதி. முதலில் ஏதோ கிசுகிசுப்பாகப் பேசுகிறார், என்ன சொல்கிறார் என்று குனிந்து கேட்கப் போனேன். ஒரே வரியைத் திரும்பச் சொல்கிறார், கொஞ்சம் சத்தமாக, இன்னும் கொஞ்சம் சத்தமாக, அப்புறம் மொத்தமாக உடைந்து கத்துகிறார். நான் ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டேன். அம்மா எட்டிப்பார்த்து என்னடா ஆச்சு என்று கேட்டார்.

காலையில் ஒருவர் எழுதியிருந்தாரே, கத்தலுக்குள்ளேயே சுத்தமான ஸ்வரம் ஓடும் என்று. அது இதுதானா?


ஜூலை20
15 நவம்பர் 2024, இரவு 11.43

அதுதான் தம்பி. அடுத்து ‘மெட்டியோரா’. நானும் கூடவே போடுகிறேன். சரியாக 11.50க்கு அழுத்து.